குரல் நின்றால்

பிப்ரவரி 6

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறாள். அதனால் எழுத்து அழகாக இருக்கும், விஷயம் வறண்டு கிடக்கும். கோபித்துக்கொள்ளாதே.

என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? காலையில் இடது பக்கம் புரட்டிப் போடுகிறாள். பிறகு வலது பக்கம். தோள் கொஞ்சம் அசைகிறது, முழங்கை கொஞ்சம் மடங்குகிறது. அதற்குக் கீழே ஒரு விரல்கூட என் பேச்சைக் கேட்பதில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அக்காவைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து சேர்வதற்குள் ஈயே சலித்துப்போய்ப் பறந்துவிடுகிறது. (பொய். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறேன். – அக்கா)

அவ்வளவு உயரத்தில் கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து இறங்கும்போது கடைசி ஏணியில் கால் வழுக்கியது. வானத்தில் இருந்தவனைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக் கவிழ்த்துவிட்டது விதி. சிரிக்கத்தான் தோன்றுகிறது. சிரித்தால் தொட்டில் மாதிரி கட்டில் ஆடுகிறது.

ரேடியோ வந்திருந்தான். அதுதான், நான் மேலே இருக்கும்போது கீழே நின்று வாக்கி டாக்கியில் எனக்கு வழி சொல்வானே, அவன். இப்போது புதிதாகக் கிரேன் பழகுகிறவர்களுக்குப் பயிற்சி மைதானத்தில் அவன்தான் பொறுப்பாம். “கீழ நின்னு குரல் கொடுக்க ஆள் வேணும்டா. உனக்குக் கை கால் எதுக்கு? வாய் இருக்கே, அது போதும்” என்றான். ஏணியில் அலட்சியமாக இருந்தால் இப்படி ஆவாய் என்று என்னைக் காட்டிப் பயமுறுத்தவா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான்.

வெளிநாட்டில் உன் வேலை ஒப்பந்தம் மார்ச் மாசக் கடைசியோடு முடிகிறதே. மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடு. திரும்பி வராதே. அதற்குப் பிறகும் வராதே. உனக்கு வயது இருக்கிறது. அங்கேயே நல்லவனாக ஒருவனைப் பார்த்து, உனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்.

(இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்றான். மத்தியானம் வரை வாயைத் திறக்கவில்லை. எழுதிவிட்டேன். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. – அக்கா)

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 17

என் அன்பானவருக்கு,

உங்களுக்காகப் பேனா பிடிக்கும் அண்ணிக்கு வணக்கம். அண்ணி, இந்தக் கடிதத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தால் போதும், வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் வாசித்தால் எல்லாம் செய்தி அறிக்கை மாதிரி ஆகிவிடும்.

“அன்புள்ள மனைவிக்கு” என்று தொடங்கியிருக்கிறீர்கள். யாருக்கு வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு நீங்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடிபட்ட நாளிலிருந்து அது காணாமல் போய்விட்டது. காரணம் எனக்குத் தெரியும். அக்கா பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்க, அந்தப் பெயரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். போனிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அண்ணி பக்கத்தில் நிற்பார். “நல்லா இருக்கியா?” “நல்லா இருக்கேன்.” “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” பக்கத்து வீட்டுக்காரரோடு இதைவிட அதிகம் பேசியிருக்கிறோம்.

நான் வேலை செய்கிற சலவைக்கூடத்தில் ஒரே நீராவி. ஓட்டல் விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவதுதான் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை. எதிரே இருப்பவள் கொஞ்சம் இழுத்தால் நானும் இழுக்க வேண்டும், அவள் விட்டால் நானும் விட வேண்டும். பேசிக்கொள்ள முடியாது, அவ்வளவு இரைச்சல். உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு முனையை விட்டுவிட்டேன். விரிப்பு கசங்கிச் சுருண்டு இயந்திரமே நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு ஒருவனைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டை மாற்றுகிற விஷயமா இது? உங்கள் சிகிச்சை நடக்கட்டும் என்றுதான் இங்கே வந்தேன். உங்களை விட்டுப் போவதற்கு வரவில்லை.

சரி, வாதம் வேண்டாம். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் உங்கள் கையில் வார் வைத்துப் பேனாவைக் கட்டித் தருகிறேன் என்றாளாம், நீங்கள் விரட்டிவிட்டீர்களாம். அண்ணி சொன்னார். அந்தப் பேனாவைக் கட்டிக்கொள்ளுங்கள். “வராதே” என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் வேண்டாம். அது வந்த அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணியின் கையெழுத்துக்கெல்லாம் நான் புருஷனை விட முடியாது.

இப்படிக்கு,
பெயர் தொலைந்துபோனவள்


பிப்ரவரி 27

அன்புள்ள மனைவிக்கு,

சவாலா விடுகிறாய்? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். உன்னை அனுப்பிவிடுவதற்காகத்தான் கூப்பிட்டேன், தெரிந்துகொள்.

உள்ளங்கையைச் சுற்றி வார் கட்டினாள், பேனாவைச் செருகினாள். தோளை அசைத்துத்தான் எழுத வேண்டுமாம். ஒரு கோடு போட்டேன். கோடு தாளைத் தாண்டிப் போர்வை மேல் போனது. தாளைத் தரையில் தள்ளினேன், அக்கா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி தள்ளினேன். எத்தனை முறை என்று அவளைக் கேள். (கேட்க வேண்டாம். – அக்கா)

எத்தனை டன் லோடைக் கொண்டுபோய்ச் சொன்ன இடத்தில் இம்மி பிசகாமல் வைத்த கை இது. இன்றைக்கு ஒரு சுழியைச் சேர்க்க முடியவில்லை. பயிற்சிப் பெண், “பரவாயில்லையே, நல்லா வருதே” என்கிறாள். குழந்தையிடம் பேசுவது போலப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை. விடிந்தால் ஐயோ விடிந்துவிட்டதே என்று இருக்கிறது. சாக வேண்டும் என்றாலும் இன்னொருவர் கை வேண்டும். இதையும் அக்காவிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அவள்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு என்ன இருக்கிறது?

(எழுதிவிட்டேன். – அக்கா)

இனிமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அவளும் எதுவும் எழுத வேண்டாம். போனையும் என் காதில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 15

என் அன்பானவருக்கு,

சாக வேண்டும் என்று எழுதியதோடு நிறுத்திவிட்டீர்கள், அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் அண்ணி மட்டும் பேசுகிறார். “வாயே திறக்க மாட்டேங்கிறான்மா, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான்” என்று சொல்லிவிட்டு அவரும் அழுகிறார், நானும் அழுகிறேன். கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மேற்பார்வையாளர் அம்மா ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்க்கிறார். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். என் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது.

நான் ஒன்றும் தெய்வம் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. திரும்பி வந்து உங்களைப் புரட்டிப் புரட்டி ஒருநாள் அலுத்துப்போய்க் கத்துவேன். “என் தலையெழுத்து” என்று உங்கள் காது கேட்கவே சொன்னாலும் சொல்வேன். அப்போது நீங்களும் திருப்பிக் கத்துங்கள். கத்துகிற புருஷன் இருந்தால் போதும். சுவரைப் பார்த்துப் படுக்கிற புருஷனை என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னீர்கள். கட்டடத்துக்கு மறுபக்கம் லோடை இறக்கும்போது மேலே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. கீழே இருப்பவன் “இறக்கு, இறக்கு, இறக்கு” என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேனும் நின்றுவிட வேண்டும். தானாக யூகித்து ஒரு அங்குலம்கூட அசைக்கக் கூடாது. “அப்ப லோடு விழுந்துடாதா?” என்று கேட்டேன். “விழாதுடி. அப்படியே தொங்கும். குரல் வர்ற வரைக்கும் தொங்கும்” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் குரல் நின்றுவிட்டது. நான் அப்படியே நிற்கிறேன். கையெழுத்தும் போடவில்லை, பெட்டியும் கட்டவில்லை. கை வலிக்கிறது. ஏதாவது ஒன்று சொல்லுங்கள். போ என்றாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேலே நிற்பவள்


மார்ச் 24

(உறையின் பின்புறம்: விலாசம் மட்டும்தான் என் எழுத்து. நான்கு நாளாகப் பேனாவைக் கட்டிவிட்டதும் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்கிறான். உள்ளே என்ன எழுதினான் என்று தெரியாது. பார்க்கவில்லை, சத்தியம். – அக்கா)

வாயாடி,

இது என் கை. கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களிலும், பயிற்சிப் பெண் வந்தால் மட்டும் “வராதே” என்று எழுதத்தான் பழகினேன். எழுதியும் விட்டேன். ஒரே ஒரு வார்த்தை, சுத்தமாக வந்தது. அக்காவிடம் கொடுத்து ஒட்டச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. விழுந்த பிறகு என் கையால் நானே செய்த முதல் காரியம். பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் காரியம் இதுவா என்று இருந்தது. கிழிக்க விரல் இல்லை. பல்லால் கிழித்தேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. ரேடியோவை வரச் சொன்னேன். சக்கர நாற்காலியில் மைதானத்துக்குக் கொண்டுபோனான். வாக்கி டாக்கியைத் தோளில் கட்டினான். மேலே ஒரு பெண், புதுசு. அவளுக்கு லோடு தெரியாது. இறக்கு, இறக்கு என்றேன். பாதியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. குரல் நின்றது. லோடும் நின்றது. இருமி முடிக்கும் வரை அப்படியே தொங்கியது. அவள் அசைக்கவே இல்லை. நல்ல பெண்.

திரும்பும்போது வண்டியில் அழுதேன். முழங்கையை மடக்கி, மணிக்கட்டால் நானே துடைத்துக்கொண்டேன். ஈயையும் நானே விரட்டுகிறேன். பாதி நேரம் கண்ணில் குத்திக்கொள்கிறேன்.

தேறிவிட்டேன் என்று நினைக்காதே. நேற்றுக்கூடச் செத்துப்போகலாம் போல இருந்தது. நாளைக்கும் இருக்கும். இருந்தால் உன்னிடம் சொல்கிறேன். நடுவில் அக்கா இல்லாமல் சொல்ல இப்போது வழி இருக்கிறது.

நீ கத்து. நானும் கத்துகிறேன்.

தோள் எரிகிறது. இதற்கு மேல் முடியாது.

கையெழுத்துப் போடாதே.

இறக்கு. இறக்கு. இறக்கு. இறக்கு.

நீ வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.