மூன்றாவது பிளக்

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை நாளில் அப்பாவின் முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது, அதற்கும் அவர் என்னைத்தான் திட்டுகிறார். நீயும் அந்தக் கால்வே ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குப் பசியாறி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஐரின் ஆன்டியின் மகன் படிக்க அங்கே வருகிறான், அவன் கையில் நெத்திலி சம்பலும் முறுக்கும் கொடுத்திருக்கிறேன், முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பாவுக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசியே நமக்குப் பழக்கமாகிவிட்டது, ஆனால் அவர் கேட்கக் கூடாத விஷயம் மட்டும் அவருக்குச் சமையலறையில் இருந்தாலும் கேட்டுவிடுகிறது. இந்த விஷயம் அவர் காதில் அரைகுறையாக விழக் கூடாது, அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் சிவப்பு டர்போ கார்தான். அங்கேயே வீடு வாங்கப் போகிறேன், இனி அங்கேதான், காரை விற்றுவிடுங்கள், அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் என்னிடம் சொன்னாய் அல்லவா. நான் பாதிதான் சொன்னேன் தேனு. கார் சும்மா நிற்கிறதே விற்றுவிடச் சொல்கிறாள் என்று சொன்னேன், வீட்டு விஷயம் வாயில் வரவில்லை. ஏன் விற்கச் சொல்கிறாள் என்று அவர் கேட்பார், அப்போது மீதியைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மனுஷன் கேட்கவே இல்லை. “சரி, வித்துடலாம்” என்று சொல்லிவிட்டு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு காரைக் கழுவப் போய்விட்டார். முந்தைய நாள்தான் கழுவியிருந்தார்.

அப்புறம் ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். முதலில் கிள்ளானில் இருந்து ஒரு பையன், வீட்டுக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்பா அவனிடம் ரொம்ப மரியாதையாக, “தம்பி, டவுன்ல ஓட்டிப் பாத்து என்ன தெரியப் போவுது, சிம்பாங் பூலாய் மலையேத்தத்துல மிதிச்சுப் பாரு, அப்பதான் காடியோட குணம் தெரியும்” என்றார். எனக்கே பெருமையாக இருந்தது, எவ்வளவு நேர்மையான மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று. பையன் போய்விட்டு வந்து சாவியை மேசையில் வைத்தான். ஏற்றத்தில் மிதித்தால் கார் விக்குகிறது, குலுக்குகிறது, மஞ்சள் விளக்கு கண்ணடிக்கிறது, வேண்டாம் என்று போய்விட்டான். அடுத்து பத்து காஜா ஊரில் இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, அவர்களிடமும் இவர் அதே பேச்சுப் பேசி அதே ஏற்றத்துக்கு அனுப்பினார், அதே விக்கல். அந்த அம்மா பயந்துபோய் இறங்கி ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனாள். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அதே காரில்தான் நான் அப்பாவோடு வாராவாரம் பாசாருக்குப் போய் மீனும் கீரையும் வாங்கி வருகிறேன், ஒரு தடவை கூட அது விக்கியதில்லை. உன் அப்பா ஓட்டுவது உனக்குத் தெரியும், சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான்.

போன வாரம் ஊசி நூல் தேடி அவருடைய சாமான் பெட்டியைத் திறந்தேன். அதில் உன் காலேஜ் அட்டை இருந்தது, இரட்டைப் பின்னலும் முறைப்புமாக நீ போட்டோவில் இருப்பாயே, அந்த அட்டை. அது அங்கே இருப்பது எனக்குப் புதிதில்லை. இஞ்சினில் பொறி விடுகிற பிளக்கின் வாயில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா அந்த அட்டையைத்தான் வைத்திருக்கிறார், கடையில் அளக்கிற தகடு விற்கிறதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், “என் பொண்ணு அட்டை இருக்கறப்ப தகடு எதுக்கு, ரெண்டும் ஒரே கனம்தான்” என்பார். ஆனால் இந்தத் தடவை அந்த அட்டையோடு அவருடைய பழைய பேங்க் அட்டையையும் சேர்த்து, துணி உலர்த்துகிற கிளிப் ஒன்றைப் போட்டு ஒன்றாகக் கவ்வி வைத்திருந்தார். இரண்டு அட்டையின் விளிம்பிலும் பிளக்கின் கறுப்பு. எனக்கு மண்டையைக் குடைந்தது, கிளிப்பைக் காணோம் காணோம் என்று நான் தேடினதற்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி, தவுக்கே லியோங் அங்கிளை உனக்கு நினைவிருக்கும், ஜப்பான் பழைய டர்போ இஞ்சின்களைச் சின்னச் சின்னக் காருக்குள் திணித்து அந்தக் காலத்துப் பையன்களைப் பைத்தியமாக அடித்தவர். இப்போதும் காலையில் நம் தெருமுனைக் கோப்பிக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். கோப்பி கட்டி வாங்குகிற சாக்கில் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, அங்கிள், பிளக்குக்கு ஒரு அட்டை வைக்காமல் இரண்டு அட்டை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “ரெண்டா? ஐயோ அக்கா, டர்போ காடிக்கு ரெண்டு வைக்கக் கூடாதுலா!” என்று பதறினார். நம்மூர்ச் சீனர் பேசுகிற தமிழ், நம்மைவிட வேகம். “டர்போ இல்லாத காடின்னா காத்து சும்மா வரும், பொறி கொஞ்சம் தூரம் தாண்டும், பரவால்ல. டர்போ என்னா பண்ணுது, காத்தைப் புடிச்சு உள்ளார அமுக்குது, பஸ்ஸுல கூட்டம் மாதிரி. அந்தக் கூட்டத்துல பொறி தூரம் தாண்ட முடியுமா? அணைஞ்சிடும். மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது, ஏத்தத்துல மிதிச்சா விக்கும். அதான் டர்போவுக்குக் கிட்டக் கிட்ட வைக்கணும், ஒரு அட்டை, அது போதும். இதெல்லாம் உன் வீட்டுக்காரன் வீராசாமிக்கு நான் சொல்லணுமா, தூக்கத்துல கூட அவன் ஒண்ணுதான் வைப்பான்” என்றார். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். “அக்கா, நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல” என்று கோப்பிக் காசையும் அவரே கொடுத்துவிட்டார்.

அதாவது தேனு, உன் அப்பா, அடுத்தவன் காரில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலே சோறு இறங்காத மனுஷன், தன் கையால் பிளக்கின் வாயை அகலமாக்கி வைத்துவிட்டு வருகிறவனை எல்லாம் மலையேற அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து சண்டை போட வேண்டியதுதான் நியாயம். போடவில்லை. இரண்டு அட்டையையும் இருந்த மாதிரியே கிளிப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். எனக்கும் காலையில் கதவைத் திறந்ததும் அந்தச் சிவப்பு நிறம் வாசலில் நிற்க வேண்டும், பெற்றவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறாய்.

அப்படியே ஓடியிருக்கும், நூருல் ஹிதாயா என்று ஒரு டீச்சர் வராமல் இருந்திருந்தால். உன் வயதுதான் இருக்கும், மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளையும் அப்பா ஏற்றத்துக்கு அனுப்பினார், குழந்தையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன், அது என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் மற்றவர்கள் மாதிரி சாவியை வைத்துவிட்டுப் போகவில்லை. அப்பாவைப் பக்சிக் பக்சிக் என்று மாமா முறை வைத்து மலாயில்தான் பேசினாள், நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: “விக்குது பக்சிக். ஆனா காடியை யாரோ புள்ள மாதிரி வச்சிருக்காங்க, சீட்டுக்கு அடியில கூட ஒரு மண்ணு இல்ல. இப்படி வச்சிருக்கறவங்க என்னை ஏமாத்த மாட்டாங்க. நான் எடுத்துக்கறேன், விக்கலை மட்டும் சரி பண்ணிக் குடுங்க.” அப்பா, அது சரியாகாது அம்மா, பழைய வியாதி என்று ஏதோ முனகினார். உடனே அவள், “காய்கறி லோரியெல்லாம் எதிர்ல வரும் பக்சிக், பின்னாடி சீட்டுல இவன் இருப்பான். ஏதாவது லோரியை முந்தப் போறப்ப இது என்னை நடுவுல விட்டுடாதுல்ல?” என்றாள். அப்பா அந்தக் குழந்தையைப் பார்த்தார். “விடாதும்மா. நான் சரி பண்ணித் தரேன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்க” என்றார். அவள் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அவள் போன பிறகு அப்பா ரேடியோ கூடப் போடவில்லை.

மறுநாள் பசியாறினதும் போர்ட்டிக்கோவில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தார். உன் காருக்கு மூன்று பிளக்தானே, மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்தார். கிளிப்பைக் கழற்றி என் பக்கம் நீட்டி, “இந்தா, உன் கிளிப்பு” என்றார், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேங்க் அட்டையை உள்ளே வைத்துவிட்டார். உன் அட்டை ஒன்றை மட்டும் பிளக்கின் வாயில் விட்டு, நடு ஊசி மேல் படாமல் மேல் கம்பியை மட்டும் தட்டி, தட்டி, அட்டை லேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிற அளவுக்கு மூடினார். அந்த நடு ஊசி முடி மாதிரி இருக்கிறது, அதில் அழுத்தினால் பிளக்கே வீண் என்று எனக்குப் பாடம் வேறு. முதல் பிளக் ஆனது, உள்ளே போட்டு முறுக்கினார். இரண்டாவதும் ஆனது. மூன்றாவதை எடுத்தார், சரி பண்ணினார், ஊதினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இஞ்சினில் அந்தத் துளைக்குள் தூசி விழாமல் வெள்ளைத் துணியைச் சுருட்டி அடைத்தார், பானட்டை மூடினார். என்னங்க, மூணாவது என்றேன். “அது இருக்கட்டும்” என்றார். எதுக்கு இருக்கணும், அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டீங்களே என்றேன். “குடுத்த வாக்குக் குடுத்ததுதான். காடி தேனுவோடது. வித்துடுன்னு நீ சொன்ன, அவ சொல்லல. அவ வாயால எங்கிட்ட சொல்லட்டும், ஏன் விக்கறான்னும் சொல்லட்டும். சொன்ன அஞ்சாவது நிமிஷம் இதைப் போட்டுடறேன்” என்றார். வீட்டு விஷயம் உட்பட அவருக்கு எல்லாம் தெரியும் தேனு. தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறார்.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. நீ அங்கே சம்பாதித்து, உன் பெயரில் ஒரு வீடு வாங்குகிறாய் என்பதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம், ஐரின் ஆன்டியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் குறையெல்லாம் இதை நான் சொல்ல வேண்டும் என்று நீ விட்டதுதான். உன்னைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியதும் அவர், கார் ஓட்டப் பழக்கியதும் அவர், முதல் சம்பளத்தில் நீ இந்தக் காரை வாங்கி வந்தபோது தெருவே பார்க்க அழுததும் அவர். அந்த மனுஷனுக்கு இதைச் சொல்ல நடுவில் எதற்கு ஒரு ஆள்? மெசேஜ் தட்டாதே, வாய்ஸும் அனுப்பாதே, கூப்பிடு. பாசாரில் இருந்து வந்து கோப்பி குடித்து முடித்த பிறகு கூப்பிட்டால் நல்ல மூடில் இருப்பார். எடுத்த எடுப்பில் வீட்டைப் பற்றிச் சொல்லாதே, முதலில் காரைப் பற்றிக் கேள், பிளக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், குறுக்கே பேசாமல் கேள், அப்புறம் சொல். இரண்டு அட்டை விஷயம் உனக்குத் தெரிந்த மாதிரி மட்டும் காட்டிக்கொள்ளாதே, அதை அவராகச் சொன்னால் சிரி. அழுதால் அழட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன், எனக்கும் கொஞ்சம் அழ வேண்டியிருக்கிறது.

வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே, சம்பல் தீர்ந்தால் சொல்லி அனுப்பு. வாங்குகிற வீட்டில் வெயில் விழுகிற ஜன்னல் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. எங்கே இருந்தாலும் எங்கள் பிள்ளை குறைவில்லாமல், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், தினமும் முருகனிடம் அதைத்தான் கேட்கிறேன், அப்பா சாமி அறைக்கு வராமலே அதையேதான் கேட்கிறார். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அந்த டீச்சர் பெண் பள்ளிக்கூடம் திறக்கும்வரைதான் காத்திருப்பாள். சட்டையைத் துவைக்கிறபோது பிளக்கும் சேர்ந்து தண்ணீரில் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயம் தேவையில்லை. தினமும் குளிக்கப் போகும் முன்னால் அவரே அதை எடுத்து உன் போட்டோ பக்கத்தில் வைக்கிறார், குளித்துவிட்டு வந்ததும் மாற்றுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போன் இருக்கிற நாற்காலி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

உன் அம்மா,
காந்திமதி வீராசாமி