கடிக்கும் குழாய்

18 ஜூலை 1976, ஞாயிறு. செங்கல்பட்டு.

ஷவருக்கு வைத்த மோட்டாருக்கு நானே ஒயர் இழுத்தேன். எலக்ட்ரீசியன் எதற்கு என்று பெருமை வேறு. அன்றிலிருந்து சரோஜா சொல்லிக்கொண்டே இருந்தாள்: "கொழாய தொட்டா கடிக்குதுங்க." என்னை ஒருநாளும் கடித்ததில்லை. அவள் தம்பி எதிரிலேயே, "உங்கக்காவுக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்று சிரித்தேன்.

இன்று காலை என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. முதல்முறையாக வெறுங்காலோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் தொட்டேன். தோள்பட்டை வரை இழுத்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். மோட்டாரில் ஈரம் இறங்கியிருந்தது. எர்த் ஒயரை எதிலும் சேர்க்காமல் டேப் சுற்றி விட்டிருக்கிறேன். என் கைவேலைதான்.

அவள் என்றைக்குமே வெறுங்காலோடுதான் குளிப்பாள்.

மோட்டாரைக் கழற்றி வைத்தேன். துரு பிடித்திருக்கிறது, நாளைக்கு ஆள் வந்து பார்ப்பான் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

சாயங்காலம் பார்த்தால், அறுந்த வாரில் ஊக்குக் குத்திச் செருப்பைக் குளியலறை வாசலில் வைத்திருக்கிறாள்.

"இத்த போட்டுகினே குளிங்க. உங்களையும் கடிச்சிடப் போவுது" என்றாள்.

போட்டுக்கொண்டுதான் குளித்தேன்.