நீ குறைத்துக் காட்டிய வோல்ட்

என் காஞ்சனாவுக்கு,

வாசல் கதவில் நீ ஒட்டிவைத்த கருவியில் நான் கை வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். 

நீ இல்லை என்பது உன் அம்மாவுக்கு நினைவில் நிற்பதில்லை. சாயங்காலமானால், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி முடித்து நீ பஸ்ஸில் வருவாய் என்று கிளம்பிவிடுகிறார். பூட்டினால் கதவைத் தட்டித் தட்டி அழுகிறார். நீ உயிரோடு இருந்தபோதே இப்படி வெளியே போகத் தொடங்கிவிட்டார்; அதற்காகத்தானே அந்தக் கருவியையே செய்தாய்? கதவு திறந்தால் என் போன் அலறும். பேட்டரி இறங்கினாலும் முன்கூட்டியே சொல்லும்.

போன மாதம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 3.9 வோல்ட் இருந்தது, போன் 3.7 என்றது. திரும்பத் திரும்ப அளந்தேன். உன் கணக்கில் பிழை சொல்ல நான் யார்? ஆனாலும் மீட்டர் பொய் சொல்லுமா? நீ சொல்லிக்கொடுத்தபடி, கருவி காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்த எண்ணை மாற்றினேன். இரண்டும் ஒன்றாயின. கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

நேற்று மத்தியானம் பேட்டரி எச்சரிக்கை வந்தது. சார்ஜ் ஏற்றக் கழற்றும்போது கம்பி அறுந்துவிட்டால்? வழக்கம்போல், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். முன்பெல்லாம் இரண்டு நாள் தாங்கும். இந்த முறை சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. காபி கலந்து எடுத்து வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, உன் அம்மா இல்லை. போன் சத்தமே போடவில்லை. மந்தைவெளிப் போக்குவரத்தில் அந்த வயதானவரை எங்கே தேடுவேன்? மாடிப்படி இறங்கி ஓடினேன்.

முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்தான் கூட்டிவந்தார்.

"வர்ற பஸ்ஸெல்லாம் எட்டிப் பாத்துகினு நிக்குது சார். ஒண்ணுல ஏறவே போச்சு. கதவுல மிஷின் கீதுன்னியே, அது இன்னா தூங்கிடுச்சா?"

உன் அம்மா என் முகத்தையே பார்த்தார். "மாப்ளே, காஞ்சனா இந்த பஸ்லயும் வரலை. உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது?"

ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் யோசித்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கக் கற்றுத்தந்தவள் நீ. 0.2 வோல்ட் உன் கண்ணுக்குத் தப்புமா? எச்சரிக்கை வந்தபின் நான் இரண்டு நாள் தயங்குவேன் என்று தெரிந்தேதான், எச்சரிக்கை இரண்டு நாள் முன்னதாகவே வரட்டும் என்று குறைத்துக் காட்டினாயா? ஏன் சொல்லவில்லை? சொன்னால் அந்த இரண்டு நாளையும் சேர்த்துத் தயங்குவேன் என்றா?

இன்று காலை பேட்டரியை சார்ஜ் ஏற்றி மாட்டினேன். கம்பி அறுந்துவிடவில்லை. உன் பழைய எண்ணையே திரும்ப வைத்தேன். பிறகு, என் பயத்துக்காக அதில் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். சரிதானா என்று கேட்க ஆளில்லை.

இனி அது கூப்பிடும் அன்றைக்கே கழற்றுவேன், காஞ்சனா. பயந்துகொண்டேதான் கழற்றுவேன், ஆனால் அன்றைக்கே. சாயங்காலம் உன் அம்மா செருப்பைத் தேடினால் நானே எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போவேன். இரண்டு பஸ் பார்த்துவிட்டு, நீ வரவில்லை என்று இருவருமாகத் திரும்பிவிடுவோம்.

உன் அம்மாவுக்கு இன்னும் மாப்பிள்ளையாக இருக்கும்,
ரங்கநாதன்