தலைமயிருக்கும் அதே சொல்

இல்லை, வளர்வது என்று மட்டும் எழுதினால் போதாது. பெரிதாகிக்கொண்டே போவது. தடுக்க ஆளில்லாமல் பெரிதாவது. இதைத்தான் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நேற்றிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரின் முகப்புத் தாளை அன்ரி, உன் அம்மா, ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அச்சகத்திலிருந்து வந்த முதல் தாள். மை காயவில்லை, விரலில் ஒட்டியது. மண்ணெண்ணெய்போல ஒரு மணம். உன் படம். படத்தின் கீழ் பெரிய எழுத்தில் ‘ரெவா’. அதற்கும் கீழே பென்சிலால் அன்ரியின் கையெழுத்து:

“பிள்ளை, இது அவள் கண்டுபிடிச்ச சொல்லு. இதின்ரை கருத்தை நீ எழுதினால்தான் வடிவாயிருக்கும். ரெண்டு பக்கம். வெள்ளிக்கிழமைக்கு முதல் தா.”

அவள் கண்டுபிடித்த சொல்.

தாளை மேசையில் வைத்தேன். கை கழுவினேன். மை போகவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு நான் ஊருக்கு வந்து படிப்பிக்கத் தொடங்கினேன். நீ சமயக் கல்விக்காகக் கடல் கடந்து போய், இரண்டு வருடத்தில் ஓர் அரமேய இலக்கணத்தோடு திரும்பி வந்தாய். வேதாகமத்தில் சில அதிகாரங்கள் மட்டும் எபிரேயத்தில் இல்லை, அரமேயத்தில் இருக்கின்றன என்று சொன்னாய். தானியேலின் கனவுகள் அதில்தான். அந்தச் சொற்களுக்குத் தமிழில் ஒரு விளக்க நூல் செய்ய உங்கள் சபைக் குழு கேட்டிருந்தது. “தனியச் செய்யேலாதடி. நீ மொழியியல் படிச்சனியெல்லே? வா.” வந்தேன். அந்த எழுத்துகளைப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் போதுமாயிருந்தது.

விடுமுறைப் பிற்பகல்கள். அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வருவேன். மருதனார்மடச் சந்தை இரைச்சல் உங்கள் முன்னறைவரை கேட்கும். கடதாசிக்குத் தட்டுப்பாடு. பழைய கலியாண அழைப்பிதழ்களை வெட்டி, வெறும் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதினோம். முன்பக்கத்தில் யாரோ ஒரு திருநிறைச்செல்வன், பின்பக்கத்தில் பாபிலோன்.

என் அட்டைகளின் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது. நினைத்துப் போட்டதில்லை. அரிவரி வகுப்புக் காலத்தில் ஐயா, என் தகப்பனார், கையைப் பிடித்துப் பழக்கியது. கடைக்குக் கொடுக்கும் துண்டிலும் போடுவேன்.

“என்னடி, தானியேலைச் சிங்கக் கெபிக்குள்ளை எறிஞ்சவங்களெல்லே, துணையாப் பிள்ளையாரையும் அனுப்பிறியே?”

“சிங்கத்துக்கு யானையெண்டால் பயமாம்.”

அன்று நெடுநேரம் சிரித்தோம்.

ரெவா. அரமேயத்தில் மூன்றே எழுத்து. அரசன் நேபுகாத்நேச்சார் கனவில் ஒரு மரத்தைக் காண்கிறான். மரம் வளர்ந்து வானத்தைத் தொடுகிறது. அங்கே அந்தச் சொல். அரசே, அந்த மரம் நீர்தான், நீரே வளர்ந்து பெரியவரானீர் என்கிறான் தானியேல். அங்கேயும் அதுவே. இந்த இரண்டு இடமும் உன் அட்டையில் இருந்தன. ‘பெருகுதல், உயர்தல், மேன்மையடைதல்’ என்று எழுதி முடித்திருந்தாய்.

மூன்றாவதை நான் கண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தேன். அரசன் அரசிழந்து மாட்டைப்போலப் புல் தின்னும் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் தலைமயிர் கழுகின் இறகுபோல வளர்கிறது. என் தலையிலிருந்து ஒரு சொட்டு அந்த வரியில் விழுந்தது. துடைக்கக் குனிந்தபோது கண்டேன்.

“இஞ்சை பாரடி. மரத்துக்கும் இது, ராசாவுக்கும் இது. தலைமயிருக்கும் அதே சொல்.”

“விசரே உனக்கு? பிழையாப் பாத்திருப்பாய்.”

புத்தகத்தைப் பறித்தாய். பார்த்தாய். எழுந்து நின்றாய்.

“அப்ப எல்லாம் போன பிறகும் வளருறது நிக்கேல்லை.”

“ஓம். மயிராய் வளருது.”

“அம்மா!” என்று குசினிப் பக்கம் கத்தினாய். “இவளுக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோ. சீனி கூடப் போட்டு!” சீனி கிடையாத காலம். அன்ரி எட்டிப் பார்த்து, “அப்பிடி என்னத்தைக் கண்டுபிடிச்சுப்போட்டாள்?” என்று கேட்டார்.

குழுவுக்குக் கொடுக்குமுன் என் அட்டைகள் எல்லாவற்றையும் நீ உன் கையால் திருப்பி எழுதினாய். ஏனென்று கேட்டேன். “உன்ரை சுழியைக் கண்டால் கிழவர்மார் மயங்கி விழுவினம்.” நான் அதற்கும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. உனக்குக் கை உளைகிறது என்று நான் ஒவ்வொன்றாய் வாசித்தேன், நீ எழுதினாய். இரண்டு நாள். என்னைக் களவு கொடுக்க நானே சொல்லிக்கொடுத்தேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயர். முன்னுரையில் இப்படி ஒரு வரி: ‘தலை முழுகிய ஈரத்தோடு வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் எனக்குத் தோன்றியது.’ சொல்லோடு நிற்கவில்லை நீ. என் ஈரத்தலையையும் எடுத்துக்கொண்டாய். கடைசிப் பக்கத்தில், தட்டெழுத்தில் உதவிய தோழிக்கு நன்றி. பெயர் இல்லை. எனக்குத் தட்டெழுத்துத் தெரியாது.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“உன்ரை பேர் எங்கை பிள்ளை?”

“போடேல்லை ஐயா.”

“ஏன், நீ வேண்டாமெண்டனியோ?”

“ஓம்.”

“விசர்ப் பிள்ளை. போட்டிருக்கலாம்.”

உனக்காகச் சொன்ன பொய் அது. ஐயாவிடம் நான் சொன்ன பெரிய பொய்யும் அதுதான்.

ஒரு மாதம் பொறுத்துச் சந்தையில் உன்னைப் பிடித்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாய். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“உனக்குச் சம்பந்தம் பேசிற நேரமெல்லே. வேதக்காரற்றை புத்தகத்திலை பேரைக் கண்டால் ஆரடி எடுப்பான்? உங்கடை ஐயா என்ன சொல்லுவார்?”

“ஐயா பேரைத் தேடினவர்.”

கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்பக் கடகத்துக்குள் வைத்தாய்.

“குழுவும் விட்டிராது. சைவப் பிள்ளை எழுதினதெண்டால் அச்சுக்கே போயிராது.”

“கேட்டனியே?”

“ஆரை?”

“அவையளை. இல்லாட்டி என்னை.”

கத்தரிக்காய்க்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வாங்கிறதெண்டால் வாங்குங்கோ பிள்ளையள், வெயில் ஏறுது.” நீ வாங்காமல் போனாய். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். இன்றுவரை விழுங்க முடியாமல் இருப்பது அதுதான். புத்தகம் அச்சில் வர வேண்டும், என் பெயர் இருந்தால் வராது என்று சொல்லியிருந்தால், சரி, எடுத்துவிடு என்றிருப்பேன். தருவதற்கு நான் ஆயத்தமாய் இருந்ததைத்தான் கேளாமல் எடுத்தாய்.

நீ வளர்ந்தாய். வவுனியாவில் பேசக் கூப்பிட்டார்கள். மட்டக்களப்பில், கொழும்பில் கூப்பிட்டார்கள். ஒருமுறை நகரத்து மண்டபம் ஒன்றின் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். மரம், அரசன், தலைமயிர். மூன்றாவதற்கு வந்தபோது சனம் அப்படியே அடங்கிப்போனது. எனக்கும் புல்லரித்தது. நீ நன்றாகச் சொன்னாய். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாய் வந்திராது. அதுவும் பொறுக்கவில்லை.

அந்தச் சொல் வரும் இன்னோர் இடமும் இருக்கிறது. கனவை விளக்கியதற்காக அதே அரசன் தானியேலைப் பெரியவனாக்குகிறான். அதே சொல்தான். ஆனால் அங்கே யாரும் தானாக வளரவில்லை. ஒருவர் வளர்க்கிறார், மற்றவர் வளர்கிறார். அந்த இடத்துக்கு உன் புத்தகத்தில் ஒரே வரி.

உனக்கு மஞ்சட்காமாலை என்றார்கள். இரண்டாம் கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நித்திரையாய்க் கிடந்தாய். முகமெல்லாம் மஞ்சள். எழுப்பினால் என்ன கேட்பேன் என்று யோசித்தேன். எழுப்பவில்லை. நான் வந்ததை உனக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது.

இப்போது வகுப்பில் எதையாவது விளக்கும்போது ‘எனக்குத் தோன்றியது’ என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு நின்றுவிடுகிறது. உண்மையில் எனக்குத்தானா, வேறு யாருக்குமா என்று தேடுகிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தடக்கல்தான். நல்லதோ கெட்டதோ தெரியவில்லை.

உனக்கு இவ்வளவும் எழுதிய பிறகு, அன்ரி கேட்ட இரண்டு பக்கமும் இன்று காலை எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி. சொல்லைக் கண்டது நான், அதை ஊருக்குக் கொண்டுபோனது நீ, புத்தகம் எங்கள் இருவருடையது. கீழே என் பெயர், ஐயாவின் பெயரோடு.

அச்சகம் பஸ் போகிற வழியில்தான். நேரே கொடுத்தால் பின்னேரத்துக்குள் எழுத்துக் கோத்துவிடுவார்கள். அன்ரி காணும்போது எல்லாம் அச்சாகியிருக்கும். அரை நாள் இந்த நினைப்பு இனித்தது. பிறகு, இன்னொருத்தியின் துக்கத்துக்குள் கேளாமல் கைவைக்கிறேனே என்று பட்டது.

அச்சகத்தில் இறங்கவில்லை. மருதனார்மடத்தில் இறங்கினேன். அன்ரி வெள்ளைச் சேலையோடு முன்னறையில் இருந்தார். பக்கங்களை அவர் கையில் கொடுத்தேன்.

“இதிலை அவளைப் பற்றி நீங்கள் விரும்பாத ஒண்டு இருக்கு அன்ரி. இதைப் போடலாமோ எண்டு கேக்க வந்தனான்.”

அவர் பக்கங்களோடு எழுந்தார். கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். நான் கதிரையில் இருந்தேன்.