முகம் தெரியாத படம்

நவம்பர் 4

சமையலறை ஜன்னலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். என் கணவர் தலாய் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன, வீட்டுக்குள்ளயும் பனி பெய்யுதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளிர் மையத்தின் சுவரொட்டிக்குப் படம் வேண்டுமாம். கல்யாணத்துக்கென்று கடத்தப்பட்டு, தப்பி வந்த பெண். ஆள் நிஜமாக இருக்க வேண்டும், முகம் தெரியக் கூடாது. ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி வெறும் நிழலுருவமாக எடுக்கலாமென்று யோசனை. நானோ பிறந்தநாள் வீடுகளில் படம் எடுப்பவள். ஏன் ஒப்புக்கொண்டேன்?

நவம்பர் 5

நாசிரா வந்தாள். அவள் ஊரான நாரினில் கல்லூரிக்குப் போகிற வழியில் காருக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்களாம். அந்த வீட்டில் சில மாதம் வேலைக்காரி மாதிரி இருந்து, தப்பித்து இங்கே பிஷ்கெக் வந்து, ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். அவர்கள் இன்னும் தேடுகிறார்கள். கடத்தியவனின் அண்ணன் இதே ஊரில் மினிபஸ் ஓட்டுகிறான்.

படம் வீண். ஜன்னல் வெளிச்சம் வெள்ளைச் சுவரிலும் ஃப்ரிட்ஜிலும் பட்டுத் திரும்பி அவள் முகத்தில் விழுந்தது. மூக்கு, கண், எல்லாம் தெரிந்தது. அவள் கண்ணெதிரே அழித்தேன்.

நவம்பர் 7

சுவரிலும் ஃப்ரிட்ஜிலும் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டேன். விளக்கை அணைத்தேன். அவளை வைத்து வெளிச்சம் அளக்காமல், பின்னால் இருக்கும் விரிப்பை வைத்துக் கேமராவில் அளந்தேன். அவள் மையாகக் கறுத்தாள். முகம் போயிற்று. ஆனால் உருவமும் போயிற்று.

"உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருக்கேன்க்கா" என்றாள்.

நவம்பர் 8

கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கினால் இடுக்கில் வெளிச்சம் புகுகிறது. மூட்டை மனுஷியாகிறது.

நவம்பர் 11

பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னேன். கோட்டைக் கழற்றி, கூந்தலைத் தூக்கிக் கட்டி, முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, உதடுகளைச் சற்றே பிரித்து — இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.

தலாய் எட்டிப் பார்த்து, "அந்த நாசிராப் பொண்ணுதானே?" என்றார்.

மாடிப்படியில் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தவர்! இது பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப் போகிற படம். கடத்தியவனின் அண்ணன் நாள் முழுக்க அந்த நிறுத்தங்களில்தான் வண்டியை நிறுத்துகிறான். படம் நன்றாக வர வர அவள் அவளாகவே ஆகிறாள். என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்?

நவம்பர் 12

சாப்பாடு இறங்கவில்லை. மினிபஸ்ஸில் ஏறுமுன் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். எந்த முகம் என்று எனக்கே தெரியாது. சும்மா பார்க்கிறேன்.

மையத்துக்கு போன் செய்தேன். முகம்தான் தெரியவில்லையே, பிறகென்ன என்றார்கள். மூக்கும் முகவாயும் முகமில்லையா?

நவம்பர் 14

தலாய் அடையாளம் கண்டதை நாசிராவிடம் சொல்லிவிட்டேன். கூந்தலை விரித்து, தலை குனிந்து நிற்கிற படம் எடுத்தோம். யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருக்கா? அழுதுக்கிட்டு நிக்கிறா. நான் அப்படி நிக்கலையே."

பத்திரம் முக்கியம் என்றேன். அவள் போய் எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றாள். தலை நிமிர்ந்து. கைகளை இடுப்பில் ஊன்றி. "இப்படி எடுங்க."

எடுத்தேன்.

டீ குடிக்கும்போது தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். தப்பி வந்த அன்று போன் செய்தாளாம். 'கல்லு விழுந்த இடத்துல கிடந்தாத்தான் அதுக்குக் கனம், திரும்பிப் போ' என்றாளாம் அம்மா. அதோடு பேச்சு நின்றது.

டிசம்பர் 2

அந்த முதுகுப் படத்தை ஒட்டிவிட்டார்கள். நாரினிலும்கூட. தூக்கம் இல்லை.

டிசம்பர் 9

மையத்திலிருந்து போன். நாரினிலிருந்து ஒரு அம்மாள் வந்து, இது என் மகள் என்று உட்கார்ந்திருக்கிறாளாம். மறுபடி இழுத்துக்கொண்டு போக வந்தவளா? இவளுக்கே தெரிந்துவிட்டதென்றால் அவர்களுக்கு? என்னால்தான். எல்லாம் என் படத்தால்தான்.

நாசிராவிடம் போனில் கேட்டேன். "அம்மாவை உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்கக்கா" என்றாள்.

டிசம்பர் 10

வந்தாள். அம்மாவின் பெயர் கலீச்சா. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். நாசிரா அசையவில்லை. தலாய் கதவருகே நின்றுகொண்டார்; ஏதாவது நடந்தால் தடுக்கலாமென்று.

கலீச்சா உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், மருந்து வாங்குகிற வரிசையில் நிற்கும்போது சுவரொட்டியைப் பார்த்தாளாம். மருந்து வாங்காமலே பஸ் ஏறிவிட்டாள். "உன்னைத் திரும்பிப் போகச் சொன்னது தப்பு" என்றாள். அழவில்லை. நாசிராதான் அழுதாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. முதுகை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அவர்களும் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று கேட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவங்க எங்கே இவளைப் பார்த்தாங்க? வேலைதானே வாங்கினாங்க."

டிசம்பர் 11

கலீச்சா ஊருக்குத் திரும்பவில்லை. தையல் கூடத்துக்குப் பின்னால் மகள் இருக்கும் அறையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அங்கே அடுப்பு சரியில்லையாம், சரிசெய்யத் தலாயைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள்.