பக்கத்து இருக்கைக்காரி

பிப்ரவரி 24, செவ்வாய்

நாள் முழுக்க இருட்டறையில் ஒரே கேள்வி: "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவளுக்கு வேறு பாட்டு கிடையாது. கடைசியாக வந்த பெரியவர் எந்த வில்லையைப் போட்டாலும் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றே சாதித்தார். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முகம் சுருங்கிப்போனார். "அப்படிச் சொன்னா பவர் சரியா வந்துடுச்சுன்னு அர்த்தம் ஐயா" என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி. பழைய கார்க்காரர்கள் சங்கத்தின் தலைவர். வருடா வருடம் மார்ச்சில் கடற்கரைச் சாலையின் கடைசியில் கூடுவார்களே, அந்தக் கூட்டம் ஏழாம் தேதியாம். "அவரு வண்டி இல்லாம ஊர்வலம் கிளம்பாதும்மா. நீங்கதான் கொண்டு வரணும்." இதுதான் சாக்கு என்று, வண்டியை வாங்க யாராவது உண்டா என்று கேட்டேன். ஒரு பல் டாக்டர் வெகுநாளாகக் கண் வைத்திருக்கிறாராம். அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, சக்களத்தியைக் கரையேற்றப் போகிறேன்.

அந்தப் பெயர் நான் வைத்தது. கரும்பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கை, என்னைவிட மூத்தவள். வாங்கி வந்த அன்றே அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். நான் ஓட்டினால் ஒன்றும் செய்யாது. அடுத்தவர் ஓட்டினால் எனக்குக் குமட்டும். இரண்டாவது வளைவிலேயே புதுத் தோல் இருக்கையில் வாந்தி எடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கழுவினார். நான்தான் பேசினேன். "இனிமே உங்க சக்களத்தி பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

அதோடு சரி. ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் மட்டும் போனார். கேட்டில் நின்று "போயிட்டு வர்றோம்" என்பார். 'வர்றேன்' இல்லை, 'வர்றோம்'. வண்டியையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்கிறாரே என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, வியாழன்

அக்டோபரில் அவர் மேசையில் தலை சாய்ந்தபடியே போனதிலிருந்து ஷெட்டைத் திறக்கவில்லை. இன்று மெக்கானிக்கை வரச்சொல்லித் திறந்தேன். அவர் வாசனை. பெட்ரோலும் சவரச் சோப்பும் கலந்தது. நான்கு மாதம் பூட்டிய ஷெட்டில் வாசனை எங்கிருந்து வரும்? சட்டையை மாட்டிக்கொண்டு இப்போதுதான் வெளியே போனவர் மாதிரி.

ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால் கிளட்ச் எட்டவில்லை. அவர் பனைமரம், நான் பக்கத்தில் முளைத்த காளான். விசையை அழுத்தி இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

நாத்தனாரும் வந்திருந்தாள். பயணத்துக்குத் துணையாக வருகிறேன் என்று அவளாகவே கிளம்பியிருக்கிறாள். அவளுக்கு அண்ணனின் உயரம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள் "ஐயோ" என்றாள். முழங்கால் முன்பலகையில் இடித்துக்கொண்டு நின்றது. "என்ன அண்ணி இது, பொம்மைக்குப் போட்ட சீட்டா? பின்னால தள்ளவே மாட்டேங்குது."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "துரு இல்லம்மா. சார்தான் அடியில போல்ட் போட்டு முடுக்கிட்டாரு. ஏன் சார்னு கேட்டேன். 'இது ஒருத்தங்க அளவு, வேற யாரும் தள்ளக் கூடாது'ன்னாரு."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் நிமிரவே இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

யாருடைய அளவு?

மார்ச் 1, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனால் அவர் வழக்கமாகத் தங்கும் விடுதிக்குத் தொலைபேசினேன். கரும்பச்சைக் காரின் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றதும் ஒரு பெண்குரல் குழைந்தது. "சார் எப்பவும் எடுக்கற ரூம்தானேம்மா? கடல் பாத்தது, ரெண்டு பேருக்கு? காலைல ரெண்டு காப்பி?"

"ஆமா" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் நாக்கு வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு காப்பிக்கு மேல குடிச்சு நான் பாத்ததில்ல. வயித்தெரிச்சல்னு பாதியக் கொட்டுவாரு!

நாத்தனாரிடம் சொன்னேன். அவள் அடித்துச் சொல்கிறாள்: "எங்கண்ணனா? போங்க அண்ணி. அவருக்குப் பொய் சொன்னா காது செவந்துடும். சின்ன வயசுல அதை வெச்சுத்தான் அம்மா அடிப்பாங்க."

வீட்டில் அவர் காது சிவந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மார்ச்சில் அந்த மூன்று நாளும் அவர் காது எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

விற்றுவிடத்தான் போகிறேன். அதற்கு முன் அங்கே போய் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். செத்தவரிடம் சண்டை போட முடியாது. உயிரோடு இருப்பவளிடம் போடலாமே.

மார்ச் 5, வியாழன்

கிளம்பினோம். கேட்டைப் பூட்டும்போது எனக்கு முதுகுப்பக்கம் குறுகுறுத்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் வார் மாட்டியே இருக்கிறது. ஆளில்லாத இருக்கைக்கு வார். நாத்தனார் அதைக் கழற்றி, முழங்காலை மூக்குக்கு நேராக மடக்கி, புலம்பிக்கொண்டே ஏறினாள்.

கடல் வலப்பக்கமாகக் கூடவே வந்தது. நாத்தனார் கடலைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். மதியம் ரயில் நிலையம் உள்ள ஊர் வந்ததும் கைகூப்பிவிட்டாள். "மன்னிச்சுடுங்க அண்ணி. இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்தா என்னை மடிச்சுத்தான் எடுக்கணும். இவ யாரோ, எனக்கு வேண்டாதவ. அவ சீட்டுல அவளே உக்காரட்டும்."

இரவு தங்கிய அறைக்கு ஜன்னல் இல்லை. நல்லது.

மார்ச் 6, வெள்ளி

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தனியாகத்தான் ஓட்டினேன். ஆனால் தனியாக இல்லை. துணிக் கூரையின் ஓரம் காற்றில் படபடக்கும்போது யாரோ ஏதோ சொல்லி முடிக்காமல் விட்டதுபோல் இருக்கும். "என்ன?" என்று ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து இருக்கையை நான் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று வைராக்கியம். கண் ஓரத்தில் அவள் இருந்தாள். குட்டையாக, அடக்கமாக, கையை மடியில் வைத்துக்கொண்டு. முகம் மட்டும் கிடைக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துத் திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்த அதே நொடியில் என் கை பக்கவாட்டில் நீண்டு அந்த வெறும் இருக்கையின் முன்னால் தடுத்து நின்றது. அவள் முன்னால் போய் மோதிவிடக் கூடாதாம். யாரைக் காப்பாற்றினேன்? எவளை?

அவரும் இப்படித்தான் கையை நீட்டுவார், எங்கள் வீட்டு வண்டியில், ஊருக்குள் எப்போதாவது அவர் ஓட்டும்போது. அப்போதெல்லாம் "கைய எடுங்க, நான் என்ன குழந்தையா" என்பேன்.

சாயங்காலம் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மேசையில் ஒரு வயதான ஆள்தான் இருந்தார். தொலைபேசியில் பேசிய அம்மா நாளைக்கு வருவாராம். அறையில் இரண்டு கட்டில், பால்கனியில் இரண்டு நாற்காலி. எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 7, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

கடற்கரைத் திடலில் வண்டிகள் வரிசையாக நின்றன. நான் இறங்கியதும் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மனைவி, எல்லோரும் தலைவரம்மா என்கிறார்கள், ஓடிவந்து என் கன்னத்தைத் தொட்டார். முன்பின் பார்க்காதவரை அப்படித் தொடமாட்டார்கள்.

"ஒருவழியா வெளிய வந்தீங்களே! இப்ப தலைசுத்தல் தேவலையா?"

எனக்குப் புரியவில்லை. எந்தத் தலைசுற்றல்?

"வருஷா வருஷம் இவ்வளவு தூரம் வந்துட்டு ரூமை விட்டு எறங்க மாட்டீங்க. வண்டி ஒத்துக்காம படுத்திருக்காங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்வாரு. ஒரு தடவை நான் கதவைத் தட்ட வந்தேன். இப்பதான் கண்ணசந்தா, எழுப்ப வேண்டாம்னுட்டாரு. ஆனா பால்கனில உங்களைப் பாத்திருக்கேன். நீலச் சால்வை போத்திட்டு உக்காந்திருப்பீங்க. கைகூட ஆட்டியிருக்கேன்."

தலைவர் சொன்னார்: "உங்களைப் பத்திச் சொல்றப்பல்லாம் மனுஷனுக்குக் காது செவந்து போயிடும். கஷ்டப்படுத்திக் கூட்டிட்டு வந்துட்டமேன்னு வருத்தம்போலன்னு நாங்க நெனச்சுக்குவோம்."

காது.

நான் வண்டியைப் பார்த்து நடந்தேன். கூரையை மடக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்து உள்ளே முழுசாகத் தெரிந்தது. இரண்டு நாளாகப் பார்க்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த அந்த இருக்கையை அப்போதுதான் பார்த்தேன்.

ஓட்டுகிறவர் இருக்கையை என் காலுக்கு ஏற்றபடி முன்னால் இழுத்திருந்தேனல்லவா? அதுவும் அந்தப் போல்ட் போட்ட இருக்கையும் ஒரே கோட்டில் நின்றன. மயிரிழை முன்பின் இல்லை. ஊராருக்கெல்லாம் ஒண்ணா ரெண்டா என்று கேட்கிறவள் நான்.

ரெண்டும் ஒண்ணுதான்.

விடுதிக்கு ஓடினேன். தொலைபேசியில் பேசிய அம்மா வந்திருந்தார். வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன், அவரோடு வருகிற அந்த அம்மா யார் என்று.

"எந்தம்மா? யாரும் வந்ததில்லையேம்மா. சார் தனியாத்தான் வருவாரு. ரெண்டு காப்பி வாங்கிட்டுப் போய் பால்கனில உக்காருவாரு. ஒண்ணு ஆறிப்போய் அப்படியே திரும்பி வரும். இன்னொரு நாற்காலில சால்வையைப் போட்டு வெச்சிருப்பாரு. பெருக்கறவங்க எடுத்தா கோவம் வரும்."

உள்ளே போய் அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்தார். என் நீலச் சால்வை. சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று நான் சண்டை போட்டு ஆளையே மாற்றிய சால்வை.

"போன தடவை மறந்துட்டாரு. ஃபோன் பண்ணோம். 'அங்கயே இருக்கட்டும்மா, அடுத்த வருஷம் வருவோம்'னாரு."

வருவோம்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன்யா, வாயத் தொறந்து கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? — கூப்பிட்டார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கூப்பிட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தோசையைத் திருப்புகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் இறந்து என்னைச் சுற்றி வருகிறார் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கும்போதே நான் அவரைச் சுற்றி வந்திருக்கிறேன். ஆவி நான்தான்.

அப்புறம்தான் அழுதேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவர் சொன்ன பொய்யைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவரம்மா "இந்த வருஷமாவது ஊர்வலத்துல உக்காரணும்" என்றபோது, சரி, மாத்திரை போட்டிருக்கிறேன் என்றேன்.

பல் டாக்டர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். அவர் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினேன். கால் தரையில் பதிந்தது, முதுகு சாய்ந்தது, தலை சரியாகத் தலை சாய்க்கும் இடத்தில் வந்து நின்றது. எந்தத் தையற்காரரும் எனக்கு இவ்வளவு அளவாகத் தைத்ததில்லை. வார் எட்டிப்பிடிக்காமலே கைக்கு வந்தது.

மூன்றாவது வளைவில் குமட்டியது. கதவுப் பையில் கைவிட்டுத் துழாவினேன். மடித்த காகிதப் பைகள், ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு. பக்கத்தில் இஞ்சி மிட்டாய். அவருக்கு இஞ்சி வாசனையே ஆகாது.

பைக்குள் வாந்தி எடுத்தேன். கடல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. வழியில் நின்றவர்கள் கையசைத்தார்கள், ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு நானும் அசைத்தேன். இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

"சீட்டு பாழாகலையே?" என்றார் பல் டாக்டர், பாதிச் சொந்தக்காரர்போல. "எனக்குக் குடுத்தீங்கன்னா அந்தப் போல்ட்டைக் கழட்டி சீட்டை மட்டும் மாத்திக்கறேன்."

வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் விடுதி அம்மாவிடம் அறைச் சாவியைக் கொடுத்தேன். "போயிட்டு வர்றோம்" என்றேன். அவர் தலையசைத்தார்.

ஓட்டுகிறவர் இருக்கையை முன்னால் இழுத்தேன். சால்வையைப் பக்கத்தில் போட்டு வாரை மாட்டினேன். திருப்பங்களில் கை தானாக நீண்டது. நான் தடுக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரம்மாவுக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்ளோ தூரம் தனியாவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"இல்லங்க. அவரும் வந்திருக்காரு. வண்டி ஒத்துக்கலை, ரூம்ல படுத்திருக்காரு. ரெண்டு காப்பி குடுங்க."

வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். என் காது சிவந்திருந்தது.

ஒன்றை ஆறும்வரை அவர் பக்கம் வைத்திருந்தேன். பிறகு இரண்டையும் நானே குடித்தேன்.