உள்ளேன்

ஜூலை 4, வெள்ளி

கணக்கு வரலை, அதான் பத்தாவதோட நின்னுட்டேன். ஒர்க்‌ஷாப்பில் பைக் விட வந்தவர் கேட்டதற்கு இப்படித்தான் சொன்னேன். பொய். கணக்கில் எழுபத்தெட்டு. ஒரே ஒரு சொல்லால் நின்றேன். அட்டென்டன்ஸில் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். எனக்கு ‘உ’விலேயே வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்பெஞ்ச் மொத்தமும் “உ... உ... உ...” என்று இழுக்கும். ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். ஐயாவும் சிரித்தார்.

எழுதும்போது மட்டும் திக்குவதே இல்லை.

ஜூலை 5

டேங்க் கழுவினேன். கையெல்லாம் பெட்ரோல் நாற்றம்.

ஜூலை 8, செவ்வாய்

தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள், அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளாம். “அட்டென்டன்ஸ் எடுத்தா ஒரே காமெடிண்ணா! உ... உ...னு ரெண்டு நிமிஷம். நாங்களும் கூடவே கத்துவோம்.” அம்மாகூடச் சிரித்தாள். வீட்டில் எனக்கு லேசாகத்தான் திக்கும், அவர்களுக்குப் பழகிவிட்டது.

திட்டணும்னு வாயத் திறந்தேன். ஒண்ணும் வரல. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன்.

ஜூலை 9

இந்த டைரியின் நாலாம் தேதிப் பக்கத்தைத் தங்கச்சியிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்:

“அவளுக்கு ஆந்தைன்னு பேர் வெச்சதே நான்தாண்ணா.”

“இப்ப எங்க அவ?”

“ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல.”

நானும் முதலில் இரண்டு நாள்தான் போகாமல் இருந்தேன்.

ஜூலை 10

அரை நாள் லீவு. தங்கச்சியை அவள் வகுப்பு டீச்சரிடம் கூட்டிப்போனேன். செய்ததை அவளே சொன்னாள், என் டைரிப் பக்கத்தையும் காட்டினாள். டீச்சர் சிரிக்கவில்லை. “இனிமே பேர் கூப்பிட்டா கையத் தூக்கினா போதும். அவ மட்டும் இல்ல, எல்லாருமே. இன்னிக்கே அவ வீட்டுக்குப் போறேன். கத்தினவங்ககிட்ட தனித்தனியா பேசறேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “திங்கக்கிழமை நீங்க வந்து உங்களுக்கு நடந்ததை கிளாஸ்ல சொல்றீங்களா?”

நானா? நாற்பது பேர் முன்னாடியா?

ஜூலை 12

மாட்டேன்னா மாட்டேன். ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

மாட்டேன் என்றவன், அந்தப் பெண் திரும்ப வந்தாளா என்று பார்க்கவாவது போகலாம் என்று வந்துவிட்டேன். வகுப்புக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். டீச்சர் பெயர் கூப்பிடுவது கேட்கிறது. பதில் சத்தமே இல்லை. ஜன்னலில் தங்கச்சி கண்ணாலேயே காட்டினாள்: இரண்டாம் பெஞ்ச், ஓரம். வந்திருக்கிறாள். பெயர் வந்ததும் அவள் கை பாதிதான் மேலே போனது. யாரும் கத்தவில்லை.

கடைசியில் என் பெயரையும் கூப்பிடுவாராம். நான் கையைத் தூக்கப்போவதில்லை. ‘உள்ளேன்’ என்று சொல்லப்போகிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.

கூப்பிடறாங்க. போகணும்.